ரெண்டு பாம்பும் நொய்டா குளிரும்

பாம்பு வளர்க்கிற ஆள் நான் இல்லைங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன். சாத்தூர்ப் பக்கம் பொறந்து வளர்ந்தவன். எங்க ஊர்ல பொழுது சாஞ்சா அந்தப் பேரையே வாயால சொல்ல மாட்டாங்க, "பூச்சி"ன்னுதான் சொல்லணும். அப்படிப்பட்ட ஊர்க்காரன், நொய்டாவுல பொட்டி தட்டிக்கிட்டு (சரி, இன்ஸ்ட்ருமெண்டேஷன், ஆனா கடைசியில அதுவும் பொட்டிதான்), ரெண்டு மலைப்பாம்புக்கு ஹீட்டர் செஞ்சு குடுத்து, ஒரு குளிர்காலம் பூரா அதுக்குக் காவல் இருந்த கதை இது. கதை பாதி, கணக்கு பாதி. கணக்கு புடிக்காதவங்க நடுவுல தாண்டிப் போயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :)

பாம்புக்குச் சொந்தக்காரர் எங்க எதிர் ஃப்ளாட் பெங்காலி நண்பர். அசன்சோல்காரர். தாதான்னுதான் கூப்பிடுவேன். அவர்கிட்ட இருக்கறது ரெண்டு பால் பைத்தான். பொண்ணு பேரு மிஷ்டி, பையன் பேரு லங்கா. பெங்காலியில மிஷ்டின்னா இனிப்பு, லங்கான்னா மிளகாய். பால் பைத்தான்னா நம்ம ஊரு மலைப்பாம்பு மாதிரி ஆளையே முழுங்கற சைஸ்னு பயந்துடாதீங்க. மூணுல இருந்து அஞ்சு அடி வரைக்கும்தான் வளரும். விஷம் கிடையாது. பயந்தா தலையை நடுவுல வச்சுச் சுருண்டு ஒரு பந்து மாதிரி ஆயிடும், அதனாலதான் அந்தப் பேரு. சொந்த ஊரு மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கமெல்லாம் எலி வளையிலயும் பழைய கரையான் புத்துலயும் பகல் பூரா படுத்துக் கெடக்கும். நல்லாப் பாத்துக்கிட்டா இருபது, முப்பது வருஷம்கூட இருக்கும்.

இந்த ஊர்ல அதுக்குப் பிரச்சினை ஒண்ணே ஒண்ணுதான். குளிர்.

டெல்லிக் குளிரைப் பத்தி நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. 2006 ஜனவரி 8-ஆம் தேதி சஃப்தர்ஜங்குல 0.2 டிகிரி. 2019 டிசம்பர் 30-ஆம் தேதி பகல்ல அதிகபட்சமே 9.4 டிகிரிதான். அதாவது மத்தியானம் ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் மாதிரி. வீடுகளும் வெயிலுக்குக் கட்டின வீடு. மொசைக் தரை, ஒத்தக் கண்ணாடி ஜன்னல். ராத்திரி ரூமுக்குள்ளயே 13, 14 டிகிரி சர்வ சாதாரணம். எங்கம்மா ஒரு ஜனவரியில வந்துட்டு, "ஏய்யா, இந்த ஊர்ல மனுசன் இருப்பானா?"ன்னு கேட்டு, ரெண்டு ஸ்வெட்டர் மேல சால்வையைப் போட்டுக்கிட்டு பத்தே நாள்ல ரயில் ஏறிட்டாங்க.

நமக்காவது உடம்புக்குள்ள அடுப்பு எரியுது. சாப்பிடற சாப்பாட்டுல பெரும்பங்கு 37 டிகிரியைக் காப்பாத்தறதுக்கே போகுது. பாம்புக்கு அந்த அடுப்பு கிடையாது. வெளிய என்னவோ உள்ளயும் அதுதான். (விதிவிலக்கு உண்டு. நம்ம இந்திய மலைப்பாம்பு பொண்ணு, முட்டை மேல சுத்திப் படுத்துக்கிட்டு உடம்பை வெடவெடன்னு ஆட்டியே சூடு உண்டாக்கி அடைகாக்கும். பால் பைத்தான் அடைகாக்குமே தவிர இந்த வேலை செய்யாது.) செரிக்கறதுக்குச் சூடு வேணும். நோயை எதிர்க்கச் சூடு வேணும். தின்ன எலி வயித்துல இருக்கும்போது ஒடம்பு குளிர்ந்து போச்சுன்னா செரிக்காம வாந்தி எடுத்துடும். நாள் கணக்குல குளிர்ல கெடந்தா சளி புடிச்சு, வாயைத் தொறந்து மூச்சு விட ஆரம்பிக்கும். பாம்புக்கு நம்மள மாதிரி இருமித் துப்ப வராது. நுரையீரல்ல கட்டினது அப்படியே கெடக்கும்.

ஆனா வெறுமனே "சூடு பண்ணணும்"னு சொன்னா அது பாதிதான். அதுக்கு வேண்டியது ரெண்டு மூலை. ஒரு பக்கம் 31, 32 டிகிரி. இன்னொரு பக்கம் 25ல இருந்து 27. சாப்பிட்டா சூட்டுப் பக்கம் போகும், போதும்னா இந்தப் பக்கம் நகர்ந்து வந்துடும். தெர்மோஸ்டாட் அதோட ஒடம்புக்குள்ள இல்ல, அதோட நடையில இருக்கு. நாம செய்ய வேண்டியது அது நடக்கறதுக்கு இடம் விடறதுதான்.

தாதாகிட்ட முன்னாடி மூணாவதா ஒண்ணு இருந்துச்சு. கடையில ரெடிமேடா வாங்கின ஹீட் பேடை டப்பாவுக்கு அடியில வச்சு, நேரா ப்ளக்ல சொருகியிருந்தார். தெர்மோஸ்டாட் தனியா வாங்கணும்னு அவருக்கு யாரும் சொல்லல. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா வயித்துப் பக்கம் செதில் பூரா பழுப்பா வெந்து போயிருந்துச்சாம். அடியில சுட்டா பாம்பு உடனே எழுந்து போயிடும்னு நாம நெனைப்போம். போகாது. வளர்க்கிறவங்க பலபேர் பாத்த விஷயம் இது, சுட்டுக்கிட்டே இருந்தாலும் அங்கேயே படுத்துக் கெடக்கும். அது பொழைக்கல. அதுக்கப்புறம் தாதா ஹீட்டர்னாலே பயந்து, போன தடவைக் குளிர்ல வெறும் கம்பளி, சுடுதண்ணி பாட்டில்னு ஓட்டியிருக்கார். மிஷ்டிக்குச் சளி புடிச்சு ரெண்டு மாசம் ஊசி.

இந்தப் பின்னணியிலதான் அந்த அக்டோபர்ல தாதா எங்கிட்ட வந்தார். "பாய், நீ ஃபேக்டரியில பாய்லர் டெம்பரேச்சரையே கண்ட்ரோல் பண்ற ஆளு. என்னோட ரெண்டு டப்பாவைப் பண்ண மாட்டியா?"

மறுக்க முடியுமா சொல்லுங்க?

பொட்டி

ரேக்னு சொல்றது வேற ஒண்ணுமில்ல, இழுப்பறை வச்ச பீரோ மாதிரி. ஒவ்வொரு தட்டுலயும் ஒரு பிளாஸ்டிக் டப். மேல் தட்டோட அடிப்பக்கமே கீழ் டப்புக்கு மூடி. இடுக்கான, இருட்டான இடம்தான் இந்த ஜாதிக்குப் புடிக்கும், பெரிய கண்ணாடித் தொட்டியில விட்டா மிரண்டு போய் சாப்பிடாதுங்கறார் தாதா. பக்கத்து மார்க்கெட் மிஸ்திரியைக் கூப்பிட்டு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்ல நாலு தட்டு அடிச்சோம். வெளி அளவு 90 சென்டிமீட்டர் ஆழம், 50 அகலம், 80 உயரம். எதுக்குன்னு மிஸ்திரி கேட்டார். "ஜூத்தே கே லியே"ன்னார் தாதா. செருப்பு வைக்கறதுக்கு எதுக்கு இத்தனை ஆழம்னு அவர் யோசிச்சுக்கிட்டே போனார்.

அடுத்தது கணக்கு. பொட்டியோட மொத்தப் பரப்பு சுமார் 3.1 சதுர மீட்டர். ரூம் 14 டிகிரி, பொட்டிக்குள்ள சராசரி 28ன்னு வச்சா வித்தியாசம் 14. வெறும் ப்ளைவுட்னா சுவர் வழியா ஓடிப் போற சூடு ஏறக்குறைய 135 வாட். அதே ப்ளைவுட்டுக்கு வெளியே ஒரு அங்குல தெர்மோகோல் ஒட்டினா 45 வாட்டுக்கு வந்துடுது. மூணுல ஒரு பங்கு. அதாவது ஹீட்டரைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி போர்வையைப் பத்தி யோசிக்கணும். எங்கம்மா சால்வை அதே தத்துவம்தான். ரூமையே சூடு பண்றேன்னு ஆயில் ஹீட்டர் வச்சா ஆயிரம், ரெண்டாயிரம் வாட் ராப்பகலா ஓடும். இங்க ஒரு பழைய குண்டு பல்புக்கு ஆகிற கரண்ட்.

தெர்மோகோலை வெளிப்பக்கம்தான் ஒட்டணும். உள்ள, சூட்டுக்குப் பக்கத்துல வச்சா இளகும், தீப்பட்டா பத்திக்கும். முன்பக்கக் கதவுலயும் தெர்மோகோல் உண்டு, ஆனா மேலயும் கீழயும் விரல்கடை இடைவெளி விட்டேன். மூச்சு விட வேண்டாமா?

கம்பி

வெளிநாட்டுல இதுக்குன்னே ஹீட் டேப்னு சுருள் சுருளா கிடைக்குது. அதுல நெறைய அமெரிக்காவோட 110 வோல்ட்டுக்குச் செஞ்சது, நம்ம 230ல சொருகினா கதை முடிஞ்சுது. இன்னொண்ணு, பாம்பு இருக்கற இடத்துல தண்ணிக் கிண்ணமும் இருக்கும். கவுக்கும். 230 வோல்ட்டை அதுக்கு அடியில ஓட்ட எனக்கு மனசு வரல. அதனால எல்லாம் 24 வோல்ட் டிசி.

மார்க்கெட்ல கார்பன் ஃபைபர் ஹீட்டிங் கேபிள் சல்லிசா கிடைக்குது. சிலிக்கான் உறை, மீட்டருக்கு 33 ஓம். ஒண்ணே முக்கால் மீட்டர் வெட்டினா கிட்டத்தட்ட 58 ஓம். 24 வோல்ட் குடுத்தா 10 வாட். ஒரு தட்டுக்கு இந்த மாதிரி ரெண்டு துண்டு, பேரலலா. ஆக தட்டுக்கு 20 வாட், நாலு தட்டுக்கு 80. 45 வேண்டிய இடத்துல 80 இருக்கறது, ரொம்பக் குளிரான ராத்திரிக்கு. 120 வாட் பவர் சப்ளை ஒண்ணு தாராளம். தட்டோட பின்பக்க மூணுல ஒரு பாகத்துல மட்டும் பள்ளம் எடுத்து, கேபிளைப் பாம்பு மாதிரியே (!) வளைச்சு வளைச்சு விட்டு, மேல அலுமினியம் டேப் ஒட்டியாச்சு. டேப் சூட்டைப் பரப்பிடும், ஒரே கோட்டுல சுடாது. முன்பக்கம் சும்மா விட்டாச்சு. அதுதான் குளிர் மூலை.

நாலு தட்டு, ஆனா பாம்பு ரெண்டுதானே? கீழ் ரெண்டு தட்டுலயும் ரெண்டு லிட்டர் பாட்டில் எட்டு, தண்ணி நெரப்பி அடுக்கினேன். 16 கிலோ தண்ணி. கரண்டே இல்லாமப் போனாலும் இந்தத் தண்ணியோட சூடு தீர்ற வரைக்கும் பொட்டி மணிக்கு ரெண்டு, ரெண்டரை டிகிரிதான் எறங்கும். இன்வெர்ட்டர் கைவிட்டாலும் நாலு மணி நேரம் கையில இருக்கு. பேட்டரியை விடத் தண்ணி நம்பகமானது, ஆசிட் ஊத்த வேண்டாம்.

மூளை

தட்டுக்கு ஒண்ணுன்னு நாலு தெர்மோஸ்டாட். எல்லாரும் சொதப்பற இடம் சென்சாரை எங்க வைக்கறதுங்கறதுல. டப்புக்குள்ள வச்சாத்தானே சரியான சூடு தெரியும்னு தோணும். பாம்பு அதை இழுத்துக் குளிர் மூலையில போட்டுடும், இல்லன்னா மேல ஒண்ணுக்குப் போயிடும். சென்சார் "குளிருது, குளிருது"ன்னு பொய் சொல்லும், ஹீட்டர் நிக்காம எரியும், பாம்பு வேகும். அதனால சென்சாரை டப்புக்கு வெளிய, கேபிளுக்கும் டப்புக்கும் நடுவுல ஆடாம ஒட்டிடணும். அங்க 34 வச்சா டப்புத் தரையில 32 வருதான்னு பாத்து, அந்த வித்தியாசத்தைக் குறிச்சு வச்சுக்கணும். அகச்சிவப்பு துப்பாக்கி தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, பளபளன்னு இருக்கற அலுமினியம் மேல அடிச்சா அது தப்பாத்தான் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல அடிங்க.

இதுக்கு மேல ஒண்ணு செஞ்சேன். தாதாவுக்கு அது வீண் செலவாப் பட்டுச்சு. எல்லாத் தெர்மோஸ்டாட்டுக்கும் முன்னாடி, மொத்த 24 வோல்ட்டையும் வெட்டிவிடற இன்னொரு தனி தெர்மோஸ்டாட். வேற சென்சார், வேற போர்டு, 37 டிகிரியில வெட்டும். அதையும் மீறினா தட்டுக்கு ஒரு பைமெட்டல் சுவிட்ச், 40ல தானாத் தொறந்துக்கும். அதுக்கு ப்ரோக்ராமும் கிடையாது, மூளையும் கிடையாது, அதனால அதுக்கு மூளை கொழம்பவும் கொழம்பாது.

எதுக்கு இத்தனைன்னா, தெர்மோஸ்டாட்டுக்குள்ள இருக்கற ரிலே சாகும்போது பெரும்பாலும் எரிஞ்சுக்கிட்டே சாகும். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை டிக் டிக்னு தட்டினா ஒரு நாளைக்கு 360 தட்டு. ஒவ்வொரு தட்டுலயும் சின்னப் பொறி. ஒரு நாள் ரெண்டு முனையும் ஒட்டிக்கும். அப்ப 80 வாட்டும் நிக்காமப் போனா பொட்டி ரூமை விட 25 டிகிரி ஏறும்னு கணக்கு சொல்லுது. 14ம் 25ம் 39. பால் பைத்தானுக்கு 35 தாண்டினாலே ஆபத்து.

சாவி

நவம்பர் கடைசியில எல்லாம் ஓட ஆரம்பிச்சுது. ரெண்டும் சாப்பிட ஆரம்பிச்சுதுங்க. டிசம்பர் நடுவுல தாதாவோட அம்மா அசன்சோல்ல குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன். ஒரே பிள்ளை. கல்யாணமும் ஆகாத ஆளு. "எப்ப வருவேன்னு தெரியல பாய்"னு சொல்லி சாவியை எங்கிட்ட குடுத்துட்டு ராத்திரி ரயில் ஏறிட்டார்.

தங்கமணி அன்னிக்கு ராத்திரி சண்டை போடல. அதுதான் பயமா இருந்துச்சு. அமைதியா ஒண்ணு கேட்டா.

"ஏங்க, ஆளே இல்லாத வீட்டுல, மரப்பொட்டிக்குள்ள, ராப்பகலா ஹீட்டர் ஓடும். நாம பாப்பாவை வச்சுக்கிட்டு எதிர்ல படுத்துத் தூங்கணும். அப்படித்தானே?"

அவளும் எங்க ஊர்ப் பக்கம்தான். அவங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதினவர். வெடிச் சத்தம் கேட்டா எந்தத் திசைன்னு பாத்துக்கிட்டு ஓடற ஊர்கள்ல வளர்ந்தவ. அவகிட்ட "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. அந்த வார்த்தையை அவ நெறைய பேர் வாயில கேட்டிருக்கா.

அதனால பேப்பர் எடுத்து உக்காந்தேன். 24 வோல்ட். ஒரு மீட்டர் கேபிளுக்கு ஆறு வாட்கூட இல்ல. தெர்மோகோல் வெளிய. பவர் சப்ளை இரும்புப் பொட்டிக்குள்ள, ஃப்யூஸோட, மரத்துல ஒட்டாம. கேபிளைக் கையில குடுத்து ஓட விட்டேன், வெறும் காத்துல வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. பைமெட்டல் சுவிட்சை வெந்நீர் டம்ளர் ஓரத்துல வச்சு டிக்னு தொறக்கறதைக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி. ஆனா ஏதாவதுன்னா எனக்கும் தெரியணும்"னா. மறுநாள் என் மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு எச்சரிக்கை மெசேஜ் போற லிஸ்ட்ல அம்மா நம்பரையும் போட்டு வச்சா. (சின்ன மைக்ரோகண்ட்ரோலர் ஒண்ணு சூட்டைக் குறிச்சு வச்சுக்கிட்டே இருக்கும், எல்லை தாண்டினா போன்ல அலறும்.)

காலையில ஆபீஸ் ஆணி புடுங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போய்ப் பாப்பேன். பாப்பா நோட்டோட கூட வருவா. சூட்டுப் பக்கம் எவ்ளோ, குளிர்ப் பக்கம் எவ்ளோ, ஈரப்பதம் எவ்ளோ, யாரு எந்தப் பக்கம். அவளோட குறிப்பு ஒரு நாள்: "மிஷ்டி சூடு. லங்கா நடுவுல. யோசிக்குது."

ஈரப்பதம் ஒரு தனித் தலைவலி. வெளிய கண்ணு தெரியாத பனிமூட்டம், ஈரம் 100 சதவீதம். உள்ள பாம்புத் தோல் காஞ்சு துண்டு துண்டா உரியுது. எப்படின்னு பாப்பா கேட்டா. 10 டிகிரியில நெறைஞ்சு இருக்கற காத்தை 30க்குச் சூடாக்கினா அதே ஈரம் 30 சதவீதம்தான் ஆகும், சின்ன டம்ளர் தண்ணியைப் பெரிய சொம்புல ஊத்தின மாதிரி. டப்புல தேங்காய் நார்த்தூளை நனைச்சுப் பரப்பினதும் 60க்கு வந்துச்சு. மூட்டையைத் திருப்பிப் பாத்தா பொள்ளாச்சி. நொய்டாவுல, ஆப்பிரிக்கப் பாம்புக்கு, பொள்ளாச்சித் தேங்காய் மஞ்சி. அவ்வ்வ்.

மகாபலிபுரத்துக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது. அங்க நாகத்தையும் விரியனையும் மண்பானையில போட்டு வாயைத் துணியால கட்டி வச்சிருப்பாங்க. சில வாரம் விஷம் எடுத்துட்டுத் திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. அந்த இருளர் சமூகத்துல இருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்தப் பானைக்கு ஹீட்டரும் வேண்டாம், தெர்மோஸ்டாட்டும் வேண்டாம். ஊருக்கேத்த பாம்பு, பாம்புக்கேத்த ஊரு. நான் இங்க 80 வாட்டோட மல்லுக்கட்டினது பூரா, ஒரு உசுரை அதோட ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்ததுக்கு நாம கட்டற அபராதம்தான்.

ராத்திரி ரெண்டே முக்கால்

ஜனவரி மூணாவது வாரம். என் போன் சார்ஜ்ல, ஹால்ல கெடந்துச்சு. தங்கமணிதான் எழுப்பினா. "ஏங்க, முப்பத்தேழுன்னு வருது."

சாவியை எடுத்துக்கிட்டு ஓடினேன். பின்னாடி அவளும் வந்தா. டார்ச் அவ கையில. மூணு வருஷமா அந்த வீட்டு ஹாலைத் தாண்டி உள்ள காலை வைக்காதவ, நேரா பாம்பு ரூமுக்கு வந்து நின்னா. பொகை இல்ல, வாசனை இல்ல. பஸ்ஸர் மட்டும் கத்திக்கிட்டு இருந்துச்சு. மேல் தட்டுத் தெர்மோஸ்டாட்ல "ஆஃப்"னு காட்டுது, ஆனா ரிலே ஒட்டிக்கிச்சு. அது சாகறதுக்குச் சொல்லியிருக்கற லட்சம் தட்டுக்கு ரொம்ப முன்னாடியே. காவல் தெர்மோஸ்டாட் 37ல மொத்தத்தையும் வெட்டியிருந்துச்சு. டப்புத் தரை 34.5.

மிஷ்டி முன்பக்கம் வந்து, தலையைத் தண்ணிக் கிண்ணத்து ஓரத்துல வச்சுப் படுத்திருந்தா. ரெண்டு மூலை இருந்ததால நகர்ந்திருக்கா. டப்பு பூரா ஒரே சூடா இருந்திருந்தா எங்க போயிருப்பா?

ரிலேயை ஸ்க்ரூ டிரைவர் பிடியால ஒரு தட்டு தட்டினேன். டிக்னு விட்டுடுச்சு. அப்படி விட்டதை நம்பக் கூடாது, கழட்டிப் போட்டுட்டு உபரியா வாங்கி வச்சிருந்ததை மாட்டினேன். இருபது நிமிஷம் ஆச்சு. அது வரைக்கும் தங்கமணி டார்ச்சை ஆடாம புடிச்சுக்கிட்டு இருந்தா. கை நடுங்கினது எனக்குத்தான். அது குளிர்னு சொல்லிக்கிட்டேன்.

எல்லாம் முடிஞ்சு கதவைச் சாத்தும்போது கேட்டா. "அதுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே வெட்டிடுச்சு."

"அந்த அம்மாவுக்கு எப்படி இருக்காம்?"

எந்த அம்மான்னு புரியறதுக்கு ஒரு நொடி ஆச்சு. அசன்சோல். காலையில தாதாவுக்கு போன் போட்டு முதல்ல பேசினது அவதான். அவர் அம்மா அன்னிக்கு வாக்கர் புடிச்சு நாலு அடி நடந்தாங்களாம். ராத்திரி விஷயத்தை நாங்க அப்ப சொல்லல, அவர் வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டோம்.

மார்ச்

தாதா ஹோலி முடிஞ்சு வந்தார், அம்மாவையும் கூட்டிக்கிட்டு. லங்கா அந்தக் குளிர் பூரா ரெண்டே தடவை சாப்பிட்டான். பெரிய ஆம்பளைப் பாம்பு மாசக்கணக்குல பட்டினி கெடக்கறது சகஜமாம், எடை குறையலன்னா பயம் வேண்டாம். பாப்பா நோட்டுப்படி அவன் எடை மொத்தம் 30 கிராம்தான் கொறைஞ்சிருந்துச்சு. மிஷ்டி ஒழுங்கா சாப்பிட்டா. மூச்சுல சத்தம் இல்ல.

தாதா அந்த நோட்டை முழுசாப் படிச்சார். ஜனவரி பக்கத்துல பாப்பா எழுதியிருந்தது: "நைட் 37. அம்மா போனாங்க. மிஷ்டி குளிர் பக்கம்." அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் எழுந்து போய், காவல் தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு உபரி வேணும்னு தானே ஆர்டர் போட்டார்.

இப்ப ஏப்ரல்ல இருந்து ஹீட்டரைக் கழட்டி வச்சிடறோம். மே மாசம் கவலை தலைகீழ். ரூமே 38க்குப் போகும், அப்ப பொட்டி பூரா சூட்டு மூலைதான், ஒதுங்கக் குளிர் மூலை கிடையாது. அதுக்கு அந்த ரூம்ல ஏசி. தாதாவோட அம்மா மத்தியானம் அங்கதான் வந்து படுத்துக்கறாங்க. "பாம்புக்கு மட்டும் ஏசி, எனக்கு ஃபேனா?"ன்னு கேட்டாங்களாம். நியாயம்தானே!

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் பாம்பு வாங்கக் கெளம்பிடாதீங்க. நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்டுல வச்சுக்கக் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. பால் பைத்தான் மாதிரி சைட்டீஸ் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு ஜாதிக்கும் 2022 திருத்தத்துக்கு அப்புறம் பதிவு கட்டாயம். அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்துச்சு, பதிவு விதிகள் 2024 பிப்ரவரியில வந்துச்சு. குட்டி போட்டாலும், செத்தாலும், கை மாறினாலும் பரிவேஷ் தளத்துல சொல்லியாகணும். தாதா 2020ல மத்திய அரசு தானா முன்வந்து அறிவிக்கச் சொன்னப்பவே அறிவிச்சு, 2024ல பதிவும் பண்ணினவர். ஏற்கெனவே வச்சிருக்கறவங்களுக்காகத்தான் இந்தக் கணக்கெல்லாம். ஹீட்டர் வாங்கற காசுல தெர்மோஸ்டாட் ஒண்ணு வாங்குங்க. தெர்மோஸ்டாட் வாங்கற காசு இருந்தா ரெண்டா வாங்குங்க.